தண்ணீர்க்கரைச் சாலையில் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஓடியவனுக்கு

அன்புள்ள மகனே,

இங்கே அப்பாவும் நானும், இரண்டு ஆடுகளும், அடைகாக்கும் கோழியும் நல்ல சுகம். சைக்கிளும் சுகம். உன் கடிதத்தில் நலம் கேட்காமல் விட்டது அது ஒன்றைத்தான் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். போன வாரம் செயினைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுத் துடைத்து, எண்ணெய் விட்டு மாட்டினேன். இப்போது சத்தமே இல்லை. மணியை அடித்தால்தான் பின்னால் ஆள் வருவது குரங்குகளுக்கே தெரிகிறது.

நீ அஞ்சலில் போட்ட கடிதத்தை அப்பாவுக்கு நான்தான் வாசித்துக் காட்டினேன். பெண் வீட்டார் டவுனில் பெரிய குடும்பம், மாப்பிள்ளையின் தாயார் சைக்கிளில் ஏறிக் காட்டிலே சுற்றுகிறவள் என்று அவர்கள் காதில் யாரோ போட்டிருக்கிறார்கள், அதனால் கல்யாணம் முடியும்வரை சைக்கிளை எடுக்க வேண்டாம், முடிந்த பிறகும் வயதைப் பார்த்து விட்டுவிட்டால் நல்லது என்று எழுதியிருந்தாய். வாசித்து முடித்ததும் அப்பா, "பயலுக்கு வெக்கம். கல்யாணம் கெட்டுத நேரத்துல எல்லாவனுக்கும் வாறதுதான். எனக்கும் வந்துது" என்றார். "உமக்கு எதுக்கு வெக்கம் வந்துது?" என்று கேட்டேன். "ஒனக்க அப்பன் கல்யாணத்துல கீர்த்தனை பாடுவாருண்ணு ஆளுவ சொன்னாவ" என்றார். என் அப்பா சுருதி சேராமல் பாடியது உண்மைதான். ஆனால் இத்தனை வருஷம் கழித்து அதைச் சொல்ல வேண்டுமா? அன்று சாயங்காலம் அவரோடும் பேசவில்லை, உன் கடிதத்தோடும் பேசவில்லை.

மறுநாள் விடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு தண்ணீர்க்கரைச் சாலைக்குப் போனேன். கோபம் வந்தால் உன் அம்மா என்ன செய்வாள் என்று உனக்குத் தெரியும். பாத்திரத்தை உடைக்கிற வழக்கம் நம் வீட்டில் இல்லை. தேக்கு நட்டிருக்கிற கூப்பைத் தாண்டுவதற்குள் கோபம் பாதி குறைந்தது. முதல் ஓடை வந்தபோது மீதியும் போய்விட்டது. அந்த இடத்தை நினைவிருக்கிறதா? அங்கேதான் நீ மூச்சு வாங்க உட்காருவாய். அங்கே இறங்கி நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, உனக்குப் பதில் எழுதுவதற்கு முன்னால் நன்றி எழுத வேண்டும் என்று தோன்றியது. ஆகவே நன்றி முதலில், பதில் பிறகு. சின்னப் பிள்ளையிலிருந்தே உனக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கிற குணம் உண்டு. இதில் அப்படிச் செய்யாதே. வரிசையாக வா.

நான் மிஷன் ஆஸ்பத்திரியில் பேறு பார்க்கப் படித்துவிட்டு இந்த அணைக்கரைக்கு வந்தபோது, இந்தத் தண்ணீரைச் சுற்றி வேறு மருத்துவச்சி கிடையாது. அப்பாவுக்கு அணையில் மதகு வேலை, எனக்குச் சுற்றியுள்ள ரப்பர் எஸ்டேட் கூலிக்காரர் குடியிருக்கிற லயங்களில் வேலை. நம் நீர்த்தேக்கம் வட்டமான குளம் இல்லையே. மலை இடுக்கில் எல்லாம் கையை நீட்டிக்கொண்டு படுத்துக் கிடக்கிறது. அக்கரை லயத்தில் பெண்கள் துணி துவைக்கிற சத்தம் நம் வீட்டுக்குக் கேட்கும். கூப்பிட்டால் கேட்கிற தூரம், ஆனால் கடக்கத் தோணி கிடையாது, கரையோடு சுற்றி நடந்தால் அரை நாள். ஒரு மழைக்காலத்தில் அக்கரையிலிருந்து கூவிக் கூப்பிட்டபோது, பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனேன். தாய் பிழைத்துக்கொண்டாள். பிள்ளை எனக்காகக் காத்திருக்கவில்லை. அதைத் துணியில் சுற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன். அன்று வீட்டில் அடுப்புப் பற்றவைத்தது நீதான். மரச்சீனிக்கிழங்கு அவித்து, தோல்கூடச் சரியாக உரிக்காமல் என் முன்னால் வைத்தாய். ஒன்றும் கேட்கவில்லை. நான் தோலோடு தின்றேன்.

அந்த வருஷம்தான் எஸ்டேட் துரையும் துரைச்சாணியும் கப்பலேறினார்கள். துரைச்சாணிக்கு நான் இரண்டு பேறு பார்த்திருந்தேன். போகும்போது தன் சைக்கிளை நம் வாசலில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லிவிட்டு, "நீ நடக்குது. ரொம்ப நடக்குது. இது எடுத்துக்கோ" என்று சொல்லிப் போனாள். நடுவில் கம்பி இல்லாத, பெண்கள் ஏறுவதற்கென்றே செய்த வண்டி. பாவாடை சிக்காமல் இருக்கப் பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் நூல்வலை பின்னியிருந்தார்கள். நம் கைக்கு வரும்போது அந்த வலையில் எலி தின்று மிச்சம் வைத்ததுதான் இருந்தது. நான் அதைக் கிழங்குச் சாக்குகளுக்குப் பக்கத்தில் சாத்தி வைத்து, ஈரத்துணி காயப்போட்டேன். கொடி நல்ல கொடி, ஆனால் கொஞ்சம் தாழ்ந்த கொடி.

நீதான் அதைக் கொடியாக இருக்க விடவில்லை. அணை ஓவர்சியர் வந்துபோகும்போது அவர் சைக்கிளைத் துடைத்துத் தருகிறேன் என்று சொல்லி வாங்கி, துடைத்ததைவிட அதிகமாக ஓட்டிப் பழகியிருந்தாய். ஒரு நாள் என் ஈரத்துணியை எல்லாம் எடுத்துக் கூடையில் போட்டுவிட்டு, "அம்மா, நான் படிப்பிச்சுத் தாறேன்" என்றாய். "எங்க வச்சு? ஆளுவ பாத்துச் சிரிச்சுச் சாவும்" என்றேன். "தண்ணிக்கரை ரோட்டுல. அங்ஙன குரங்குதான் பாக்கும்" என்றாய்.

மகனே, உலகத்தில் எத்தனையோ நல்ல சாலைகள் இருக்கலாம். ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு சாலை பெண்பிள்ளைக்கு எவ்வளவு பெரிய கொடை என்று உனக்கு அப்போது தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் தெரிந்தவன்போல இடம் பார்த்தாய். அணையைத் தாண்டினால் தேக்குக் கூப்பு. அதுவரை சாலை பலகை மாதிரி. அடுத்து ரப்பர். அங்கே காலையில் பால் வெட்டுகிறவர்கள் போய்விட்டால் பிறகு இலை விழுகிற சத்தம்தான். வலது பக்கம் மரங்களுக்கு நடுவே தண்ணீர் கூடவே வரும். அந்தச் சாலையில் நான் எத்தனை தடவை விழுந்தேன் என்பதற்குச் சாட்சி நீயும் காடும்தான். வேறு எந்தச் சாலையாக இருந்தாலும் முதல் விழுதலோடு என் படிப்பு முடிந்திருக்கும்.

ஆனால் வலை இல்லையே. முதல் நாளே என் முந்தானை செயினில் சுற்றிக்கொண்டு என்னையும் வண்டியையும் சேர்த்துக் கட்டிப்போட்டது. இடுப்பில் செருகினாலும் மிதிக்க மிதிக்க அவிழ்ந்து போனது. அடுத்த நாள் நீ சீட்டைப் பிடிக்கவில்லை. "நீ விழுந்தா விழு, சேல மாட்டாம நான் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லி, முந்தானை நுனியை உன் கையில் சுற்றிக்கொண்டு கூடவே ஓடி வந்தாய். தேக்குக் கூப்பிலிருந்து முதல் ஓடைவரை, ஓடையிலிருந்து திரும்ப தேக்குக் கூப்புவரை. நான் உட்கார்ந்துகொண்டு போனேன், நீ வெறுங்காலோடு ஓடினாய்.

குரங்குதான் பார்க்கும் என்றாயே, பால் வெட்டுகிற ஒருவன் பார்த்துவிட்டான். அது பள்ளிக்கூடம்வரை போயிற்று. அம்மைக்க முந்தானெயப் பிடிச்சிட்டு ஓடுதவன் என்று பயல்கள் உன்னைப் பரிகாசம் செய்தது எனக்குத் தெரியும். சட்டைப்பை கிழிந்து வந்தாய். முள் கிழித்தது என்றாய். முள் பையை மட்டும் பார்த்துக் கிழிக்காது என்று எனக்குத் தெரியாதா? அன்று இரவு படுக்கும்போது, சரி, நாளைக்கு இவன் வரமாட்டான், இதோடு விட்டுவிடலாம் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். விடிந்து பார்த்தால் நீ சைக்கிளை வாசலில் நிறுத்தி, சீட்டைத் துடைத்துக்கொண்டு நிற்கிறாய். "வாறியா இல்லியா? வெயில் ஏறுது" என்றாய். அவ்வளவுதான். பெற்ற பிள்ளைக்கு நன்றி சொல்வது நம் வீடுகளில் வழக்கம் இல்லை. நானும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். அந்தக் காலை நேரத்துக்கு நன்றி, மகனே. உன்னைப் பெற்றதில் நான் சந்தோஷப்பட்ட நாட்கள் பல உண்டு. அவற்றில் முதலாவது அதுதான்.

நீ ஒன்றை மட்டும் சொல்லித்தர மறந்தாய். ஓட்டக் கற்றுக்கொடுத்தாய், இறங்கக் கற்றுக்கொடுக்கவில்லை. அந்தச் சாலையில் யாருக்காகவும் நிற்க வேண்டிய அவசியம் இல்லாததால் அது இருவருக்கும் தோன்றவே இல்லை. வேகம் தானாகக் குறைந்தால் ஏதாவது புதரில் சாய்ந்துகொள்வேன், நீ வந்து எடுத்துவிடுவாய். பொன்னம்மாளுக்கு நோவு கண்டுவிட்டது என்று அக்கரை லயத்திலிருந்து கூவிச் சொன்ன அன்று நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய். முந்தானையை இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கயிறு வைத்துக் கட்டிக்கொண்டு, பெட்டியைப் பின்னால் கட்டி, நான் தனியாகப் போனேன். இரண்டு ஓடைகளையும் தண்ணீரோடு சேர்த்துக் கடந்து, கடைசி இறக்கத்தில் நேரே லயத்து முற்றத்துக்குள் நுழைந்த பிறகுதான் எனக்கு நிற்கத் தெரியாது என்பது நினைவுக்கு வந்தது. முற்றத்தைச் சுற்றினேன். இன்னொரு சுற்றுச் சுற்றினேன். கோழிகள் கூரையில் ஏறிவிட்டன. "பிடிங்கட்டீ! ஆராவது என்னெப் பிடிங்கட்டீ!" என்று கத்திக்கொண்டே மூன்றாவது சுற்றில் வாசலைத் தாண்டும்போது, உள்ளே பாயில் கிடந்த பொன்னம்மாள் நோவுக்கு நடுவிலே சிரித்துவிட்டாள். நான்கு பெண்கள் சேர்ந்து வைக்கோலைப் பிடிப்பதுபோல் என்னை அள்ளிப் பிடித்தார்கள். உள்ளே போய்க் கை கழுவினேன். பிள்ளை தலை காட்டிவிட்டது. அது அழுதபோதும் பொன்னம்மாள் சிரித்துக்கொண்டிருந்தாள். "சிரிச்சிட்டே பெத்த பிள்ள" என்று அவனை இன்றைக்கும் அந்த லயத்தில் சொல்கிறார்கள். அவன் இப்போது தன் அம்மாவுக்குச் சமமாக வளர்ந்துவிட்டான்.

சாயங்காலம் நான் திரும்பி வந்து இதைச் சொன்னபோது நீ சிரிக்கவில்லை. முகம் வெளிறிப்போய், "எறங்கப் படிப்பிக்கல்லியே அம்மா" என்றாய். அடுத்து வந்த விடுமுறை முழுவதும் இறங்கப் பழக்கினாய். கூடவே மீன்பிடிக்கிற மலைவாசிக் காணிக்காரர் ஒருவரிடம் உட்கார்ந்து வலை முடிச்சுப் போடக் கற்றுக்கொண்டு வந்து, பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் புது வலை பின்னினாய். அதன் பிறகு யாரும் என் முந்தானையைப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. அந்த வலை இன்னும் இருக்கிறது. ஓரிரு இடத்தில் நான் ஒட்டுப் போட்டிருக்கிறேன். என் முடிச்சு உன் முடிச்சுபோல் அழகில்லை.

கோவில் சபையில் சைக்கிளைப் பற்றிப் பஞ்சாயத்து நடந்தது உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும், உன்னை வெளியே விளையாடப் போகச் சொல்லிவிட்டார்கள். மூப்பர் எழுந்து, "பொம்பள ஆம்பிள வண்டில ஏறி ஊர் சுத்துதது சபைக்கு அழகா?" என்றார். "இது பொம்பள வண்டியாக்கும் மூப்பரே. நடுவுல கம்பி இல்ல, பாத்தியளா?" என்றேன். "பொம்பள சைக்கிள் ஓட்டுனதா வேதத்துல எங்கயாவது எழுதிருக்கா?" என்றார். உன் அப்பா கூட்டத்தில் வாய் திறக்கிற மனிதரே இல்லை. அவர் மெல்ல எழுந்து, "வேதத்துல பேச்சிப்பாறை அணையும் எழுதல்லியே மூப்பரே. தண்ணி குடிக்கியோமே" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். போதகர் ஐயர் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். கடைசியில் ஒரு தீர்ப்பு வந்தது: கிழமை நாட்களில் நோவுக்காரரைப் பார்க்கப் போகலாம், ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கு மட்டும் சைக்கிளில் வரக்கூடாது. நான் ஒப்புக்கொண்டேன். இன்றுவரை ஞாயிற்றுக்கிழமை நடந்துதான் போகிறேன். ஒரு நாளைக் கொடுத்து ஆறு நாளை வைத்துக்கொண்டேன். நஷ்டம் இல்லை. அன்று எழுந்து நின்றதற்காகவே கீர்த்தனை விஷயத்தில் உன் அப்பாவை மன்னித்துவிடுகிறேன்.

கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவனுக்குத் தாய் புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். சைக்கிளை வைத்துக் குடும்பத்துக்கு உபமானம் சொல்ல மாட்டேன், அதற்குத்தான் கோவிலில் உபதேசியார் இருக்கிறார். எனக்குத் தெரிந்தது இரண்டொரு காரியம். அவள் சோர்ந்து வந்து உட்கார்ந்தால் காரணம் கேட்காதே, கிழங்கு அவித்துக் கொடு. இப்போதாவது தோலை உரித்துக் கொடு. உன் அப்பாவைப்போல் அதிகம் பேசாமல் இரு, ஆனால் அவளைப் பற்றி நாலு பேர் கூடிப் பேசும்போது மட்டும் எழுந்து நில். பரிகாசம் செய்கிறவர்கள் கிழித்தால் சட்டைப்பையைத்தான் கிழிப்பார்கள், அதைத் தைத்துக்கொள்ளலாம். இதெல்லாம் பதின்மூன்று வயதில் உனக்குத் தெரிந்திருந்ததுதான். இப்போது டவுன் சட்டை போட்டதில் கொஞ்சம் மறந்திருக்கிறாய். மறதிதானே, குற்றம் இல்லை.

இப்போது உன் கேள்விக்குப் பதில். உன் கல்யாண நாளை நான் ஞாயிற்றுக்கிழமைக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறேன். குலசேகரம்வரை மாட்டுவண்டி, அங்கிருந்து பஸ். பட்டுச்சேலை கட்டி, தலை குனிந்து, உன் சம்பந்தக்காரர் மனம் குளிர அடக்க ஒடுக்கமாக வந்து உட்காருவேன். யார் கேட்டாலும் சைக்கிள் என்ற சொல்லை வாயில் எடுக்க மாட்டேன். அது உன் நாள். உனக்காக எதையும் விடுவேன். ஆனால் மறுநாள் திங்கட்கிழமை ஆகிவிடும் மகனே. பொன்னம்மாளுக்கு மறுபடியும் இது பேறு மாதம். அக்கரை அதே தூரத்தில்தான் இருக்கிறது. உடம்பு விடச் சொல்லும்போது விடுவேன். ஊர் விடச் சொல்லும்போது விட மாட்டேன். இதை உன் மாமனாரிடம் நீயே சொல்ல வேண்டும். நான் சொன்னால் என் வாய் எங்கே போய் நிற்கும் என்று தெரியாது. நிறுத்தத் தெரியாமல் முற்றம் சுற்றியவள் நான்.

உனக்குத் தெரியாத ஒன்றையும் எழுதிவிடுகிறேன். நிச்சயத்தன்று பெரியவர்கள் எல்லாரும் முன்னறையில் பேசிக்கொண்டிருந்தபோது, உன் எஸ்தர் எனக்குத் தண்ணீர் கொடுக்க வருகிற சாக்கில் அடுக்களைக்குக் கூட்டிப்போனாள். கதவைப் பார்த்துக்கொண்டு, அடிக்குரலில், "மாமி, சைக்கிள் ஓட்டும்போ சேல செயின்ல மாட்டாதா?" என்று கேட்டாள். என்னை ஊரில் ஆயிரம் பேர் ஆயிரம் கேட்டிருக்கிறார்கள். வெட்கமாக இல்லையா என்று கேட்டார்கள், விழுந்தால் என்ன ஆகும் என்று கேட்டார்கள். சேலை மாட்டாதா என்று ஒருத்தியும் கேட்டதில்லை. அது வேடிக்கை பார்க்கிறவள் கேள்வி இல்லை, ஏறி உட்கார நினைக்கிறவள் கேள்வி. "கல்யாணம் முடிஞ்சு வா மக்கா, காட்டித் தாறேன்" என்றேன். அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். இந்தப் பெண்ணை எனக்கு மருமகளாகக் கொண்டுவருகிறாயே, அதற்கும் நன்றி.

ஆகவே விருந்தெல்லாம் முடிந்ததும் அவளைக் கூட்டிக்கொண்டு அணைக்கரைக்கு வா. தேக்குக் கூப்புச் சாலையில் இப்போது இலை உதிர்ந்து மெத்தை மாதிரி கிடக்கிறது, விழுந்தாலும் நோகாது. விடியற்காலையில் போனால் யாரும் இருக்க மாட்டார்கள். பால் வெட்டுகிறவன் எவனாவது பார்த்தால் பார்த்துவிட்டுப் போகிறான். எனக்கு மிதிக்கத் தெம்பு இருக்கிறது, அவள் கூடவே ஓடத் தெம்பு இல்லை, அது உன் வேலை. முதல் ஓடைக்குப் பக்கத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்து நீங்கள் வருவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். சக்கரத்தில் நீ பின்னிய வலையை மட்டும் அன்றைக்கு நான் கழற்றி வீட்டில் வைத்துவிடுவேன்.

அன்புடன்,
அம்மா